மூட்டை மையில் போட்ட குறி

மாதக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் எஸ்டேட்டிலிருந்து மலையிறங்கிப் போன காப்பி மூட்டைகளில் பதினெட்டு வருடமாக எழுத்துப் போட்டவர் அவர்தான். எழுத்து வெட்டிய தகரத் தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, பிரஷ்ஷில் கறுப்பு மையைத் தொட்டு ஒரே இழுப்பாக இழுப்பார். தகட்டை எடுத்தால் எழுத்து பிசிறில்லாமல் நிற்கும். பி.காம். படித்த நான் அதே தகட்டை வைத்துத் தடவினால் மை அடியில் ஓடி எழுத்துக்குத் தாடி முளைத்துவிடும். "ரைட்டரம்மா, நீங்க நோட்டுல எழுதுங்க. சாக்க எங்கிட்ட உட்ருங்க" என்று சிரிப்பார்.

அந்த ரைட்டரம்மா நான்தான். பெயர் சுதாராணி. சேலத்தில் பிறந்து, கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்து, எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற ரைட்டராகச் சேர்ந்தவள். கொண்டை ஊசி வளைவில் பஸ் கொஞ்சம் வேகமாகத் திரும்பினாலே குலதெய்வத்தைக் கூப்பிடுகிற பயந்தாங்கொள்ளி. அந்தப் பயத்தை மறைக்கத்தான் வாய் நீண்டுபோனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதக்காவுக்கு நேர்ந்ததில் பாதி என் வாயால் வந்தது. மீதி நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் வந்தது.

மாதம்மாள் என்பது அவர் முழுப் பெயர். கரடியூரில் பிறந்து கொட்டச்சேட்டில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் சின்னசாமி சொந்தக் காட்டில் சாமையும் மிளகும் போடுகிறார். ஒரே மகள் கௌரி திருப்பூரில் இருக்கிறாள். மாதக்கா எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு ஒரு சங்கதி போதும். ஒரு வருடம் வேறு தகட்டை எடுத்து முப்பது மூட்டைக்குத் தப்பாக மார்க் போட்டுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. லாரியில் ஏற்றித் தார்ப்பாய்கூடக் கட்டியாகிவிட்டது. இவர் ஓடிவந்து லாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, "தப்பு என்னுதுங்க, எறக்கச் சொல்லுங்க" என்றார். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மாதக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டு, முப்பதையும் இறக்கி, பழைய எழுத்தை அடித்துப் புதிதாகப் போட்டுவிட்டுத்தான் அன்று சோறு தின்றார்.

இன்னொரு விஷயத்தில் அவர் பொல்லாத கண்டிப்பு. காலிச் சாக்கில் மார்க் போட விடமாட்டார். "வெறுஞ்சாக்குல நடுவுல போட்டீங்கன்னா, காப்பி போட்டு நெப்புனதும் அது வெலாவுக்கு ஓடிரும். நெப்பி, தச்சு, படுக்கப் போட்டுட்டு அப்பறம் போடுங்க" என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்தரிடமும் சொல்லுவார். நானே நூறு தடவை கேட்டிருப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு தை மாதம், களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்தபோது, என்னைத் தனியே கூப்பிட்டார். "ரைட்டரம்மா, இடது பக்கம் மாருல நெல்லிக்கா கணக்கா ஒன்னு தட்டுப்படுதுங்க" என்றார். சேலத்துக்குக் கூட்டிப்போனேன். பரிசோதனை, ஊசி, மறுபடி பரிசோதனை. புற்றுதான். கட்டியை மட்டும் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். புண் ஆறியதும், மிச்சம் மீதி எதுவும் முளைக்காமலிருக்கக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குக் கரண்டு வைப்பது என்று பெயர். பதினைந்து தடவை, வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரம். சனி ஞாயிறு கிடையாது. சின்னசாமி அண்ணன் ஆஸ்பத்திரி வாசலிலேயே மயங்கி விழுகிற ரகம். ஆகவே துணைக்குப் போகிற வேலை எனக்கு.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே மேகலா என்று ஒரு பெண் டாக்டர். டாக்டருக்குப் படித்து முடித்து, கதிர்வீச்சு வைத்தியத்தில் மேல்படிப்புக் கடைசி வருடம். கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்தில் மாட்டிய அடையாள அட்டை எப்போதும் முதுகுப்பக்கம் புரண்டு கிடக்கும், கையில் எந்நேரமும் ஃபைல். படிப்பு முடிய ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். ஐந்து வாரத்தில் கொடுத்துவந்த கரண்டை இப்போது மூன்று வாரத்தில் கொடுக்கிறார்களே, அதனால் தோல் எவ்வளவு கருக்கிறது, எவ்வளவு உரிகிறது, சோர்வு எப்படி என்று அறுபது பெண்களைத் தொடர்ந்து பார்த்து எழுதுவது. புதன்கிழமைதோறும் போட்டோ எடுப்பாள். எரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் கேட்பாள். மாதக்கா முப்பத்தேழாவது ஆள்.

சேருவதற்கு நாலு பக்கச் சம்மதப் படிவம் கொடுத்தாள். "நிதானமா படிச்சுக் காட்டுங்க அக்கா, புரியலைன்னா என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு யாரோ அழைக்க ஓடினாள். நானும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், விதிமுறைகளைப் பின்பற்றாதவர்கள் ஆய்விலிருந்து நீக்கப்படுவார்கள் என்று ஒரு வரி. அதற்கு நான் விளக்கம் சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது. "சொன்னபடி கேக்கலைன்னா பாதியிலயே கழட்டி உட்ருவாங்களாம் அக்கா" என்றேன். ஆராய்ச்சியிலிருந்து நீக்குவது வேறு, வைத்தியத்தை நிறுத்துவது வேறு என்று எனக்கே தெரியவில்லை. மாதக்கா கைநாட்டு வைத்தார். மை வேலை செய்கிற கை, ரேகை சுத்தமாக விழுந்தது.

பிறகு குறி போட்டார்கள். சாய்வான பலகையில் படுக்கவைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, நெஞ்சின் நடுவில் ஒன்று, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று, ஆக மூன்று கூட்டல் குறி. பேனாவால் போட்டு மேலே கண்ணாடி டேப் ஒட்டினார்கள். அறையின் சுவர்களிலிருந்து சிவப்பு வெளிச்சக் கோடு வரும். அந்தக் கோட்டில் குறி பொருந்தும்படி ஆளை நகர்த்திவைத்து, அதன்பிறகு கரண்டு. மேகலா ஒரு காகிதத்தில் நெஞ்சை வரைந்து, அடியில் இருதயத்தையும் வரைந்து காட்டினாள்.

"இடது பக்கம் பாத்தீங்களா, கீழேயே இருதயம் இருக்கு. கரண்டு அதை ஒட்டித்தான் போகும். அதுமேல படாம இருக்கணும்னா இந்தக் குறிதான் கணக்கு. சோப்பு, மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். அழிஞ்சிட்டா உடனே எங்ககிட்ட சொல்லணும்."

மாதக்கா இருதயத்தின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்கு முன்னால் நின்ற அந்த மனுஷி அன்றிலிருந்து பயந்தார். கரண்டு வைக்கும் அறையின் கதவு ஒரு முழம் தடிமன் இருக்கும். படுக்கவைத்ததும் எல்லோரும் வெளியே போய் அதைச் சாத்திவிடுவார்கள். "நல்லதுன்னுதானுங்களே வெக்கறாங்க? அப்பறம் ஏனுங்க என்னைய மட்டும் உள்ள உட்டுட்டு அத்தன பேரும் ஓடறாங்க?" என்று பஸ்ஸில் என்னிடம் கேட்டார். மேகலா எரிகிறதா, உரிகிறதா என்று கேட்டால், "நல்லாருக்குதுங்க சாமி" என்று மட்டும் சொல்லுவார். இரண்டாவது வாரமே மார்பு சிவந்து, அக்குளில் தோல் காந்தலாகிவிட்டிருந்தது. எரிகிறதென்று சொன்னால் கழட்டி விட்டுவிடுவார்களோ என்று அவருக்கு. "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்கம்மா, அதுக்குத்தானே இந்த ஆராய்ச்சியே" என்று மேகலா சலித்துக்கொள்வாள்.

பத்து முடிந்தது. அந்தச் சனி ஞாயிறுதான் சேர்வராயன் கோயில் திருவிழா. ஆபரேஷனுக்கு முன்பே மாதக்கா வேண்டிக்கொண்டது. போகாமல் இருக்க முடியாது. குளிக்காமல் போகவும் முடியாது. காப்பி மூடுகிற பிளாஸ்டிக் தாளை மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கழுத்துக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அதில் குறி தப்பித்தது. மேலே ஏறி, குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், பொட்டல் வெளியில் ஆலங்கட்டியோடு கோடை மழை. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வீடு வந்து ரவிக்கையைக் கழற்றியபோது நெஞ்சு நடுவில் இருந்த குறி மட்டும் மிச்சம். விலாவில் இருந்த இரண்டு டேப்பும் ரவிக்கையோடு வந்துவிட்டன.

திங்கட்கிழமை விடிய அஞ்சே காலுக்கு எனக்குப் போன். "ரைட்டரம்மா, கொடவுன் சாவிய எடுத்துக்கிட்டு வெரசா வாங்க." என்ன ஏதென்று சொல்லவில்லை. நான் போனபோது அவர் கொடவுன் வாசலில் முந்தானையைப் போர்த்தி நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் காட்டினார். குறி இருந்த இடத்தில் லேசான பழுப்பு, அதுவும் சிவந்த தோலில் தெரிந்தும் தெரியாமலும்.

"டாக்டர்கிட்ட சொல்லிரலாங்க்கா" என்றேன்.

"அழியக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. கோயிலுக்குப் போயி நனஞ்சேன்னு தெரிஞ்சா கழட்டி உட்ருவாங்க. இன்னும் அஞ்சுதானுங்க பாக்கி. எடம் எனக்குத் தெரியும். நாந்தான் தெனமும் பாக்கறன்ல. கண்ண மூடிக்கிட்டுக் காட்டுவேன். எனக்குக் கை எட்டாது, நீங்க போடுங்க."

அவர் மை டப்பாவைத் திறந்தார். நின்றபடி, இடது கையைக் கொஞ்சம் விலக்கி, விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் தீக்குச்சியை மையில் தோய்த்துக் கூட்டல் குறி போட்டேன். முதல் கோடு போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "சாக்குக்குப் போடறாப்பல போடுங்க, ஒன்னும் ஆவாது" என்றார். இரண்டு விலாவிலும் போட்டேன். மூட்டை மை சீக்கிரம் காயும், சுலபத்தில் போகாது. மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தோம். இருபது வளைவிலும் நான் குலதெய்வத்தைக் கூப்பிடவில்லை. அதைவிடப் பெரிய பயம் மடியில் இருந்தது.

அன்றைக்கு வழக்கமாகக் கரண்டு வைக்கும் பானு லீவு. வேறு மிஷினிலிருந்து வந்த பையன், "குறி நல்லா பளிச்சுன்னு இருக்கே" என்று பாராட்டினானாம். வாரத்தின் முதல் நாள் குறியை ஒரு டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே விதி. மேகலாவுக்கு அன்று பெரிய டாக்டர் முன்னால் வகுப்பு எடுக்கிற முறை. தாள்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், "மாதம்மா, நல்லாருக்கீங்களா?" என்று வராந்தாவிலேயே கேட்டு, வராந்தாவிலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படியொரு நிம்மதி. தப்பித்தோம் என்று கேன்டீனில் இரண்டு டீ வாங்கினேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே போனது.

செவ்வாய் மத்தியானம் மலையேறி வந்து ஆபீசுக்குப் போனேன். கொடவுனில் மிளகு மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாதக்கா இல்லாததால் யாரோ சோம்பேறி வெறுஞ்சாக்கிலேயே வரிசையாக மார்க் போட்டு வைத்திருந்தான். மிளகைக் கொட்டி, தைத்து, படுக்கப் போட்டிருந்த மூட்டையைப் பார்த்தேன். நடுவில் இருக்க வேண்டிய எழுத்து விலாவுக்கு ஓடிப்போயிருந்தது.

நாங்கள் மாதக்காவுக்குக் குறி போட்டது நின்றவாக்கில், கை தொங்கியபடி. அங்கே அவர் படுத்துக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்குகிறார். நூறு தடவை கேட்ட பாடம், சாக்குக்குத் தெரிந்தது, மனுஷிக்குத் தெரியாமல் போனது. எனக்குத் தெரியாதது சரி, மாதக்காவுக்குமா? கரண்டு எங்கே போயிருக்கும்? மேகலா வரைந்த அந்த இருதயம் கண்முன்னால் வந்து நின்றது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

புதன்கிழமை பஸ்ஸில் மெதுவாக ஆரம்பித்தேன். "அக்கா, நாம நின்னுக்கிட்டுப் போட்டோமே..."

மாதக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "திங்கக்கெழமையே தெரியுமுங்க. படுத்துக் கையத் தூக்குனதும் தோலு இழுத்துச்சு. செவப்புக் கோட்டுல வெக்கறதுக்கு என்னைய எந்நாளும் இல்லாம நகத்துனாங்க. மண்டையில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள கதவச் சாத்திட்டாங்க."

"நேத்தாச்சும் சொல்லியிருக்கலாமுல்ல?"

"கழட்டி உட்ருவாங்கன்னு நீங்கதானுங்களே படிச்சீங்க. பாதியில உட்டா அது மறுபடியும் மொளைக்கும். சொன்னாலும் சாவு, சொல்லாட்டியும் சாவுங்க. நான் என்னத்தப் பண்றது?"

அவர் குரல் நடுங்கி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். பஸ் இறங்கிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை போட்டோ நாள். கரண்டுக்கு முன்னால் மேகலா வந்து, ரவிக்கையை விலக்கச் சொல்லிக் கேமராவைப் பிடித்தவள் மூக்கைச் சுளித்தாள். குனிந்து பார்த்தாள். கூட்டல் குறியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளம். "இது எங்க பேனா இல்லையே" என்றாள். லீவு முடிந்து வந்திருந்த பானு மாதக்காவை மேசையில் படுக்கவைத்து, சரிபார்க்கிற படம் ஒன்று எடுத்தாள். என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். கரண்டு கணக்குப் போடுகிற மெல்வின் என்பவர் வந்தார். நிதானமான மனிதர், சட்டைப் பையில் நாலு பேனா. படத்தைப் பார்த்துவிட்டு மாதக்காவின் விலாவில் அளந்து, சரியான இடத்தில் புதுக் குறி போட்டார். பழையதற்கும் புதியதற்கும் இரண்டு விரல் அகலம்.

"யாரு போட்டது? எப்பப் போட்டது?" என்று மேகலா கேட்டாள். குரல் உயரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"நாந்தாங்க போட்டேன். இன்னிக்குக் காலையிலதாங்க. குளிக்கறப்ப அழிஞ்சிருச்சு" என்றார் மாதக்கா.

மேகலா மூச்சை விட்டாள். "இன்னிக்கா? நல்லவேளை. கரண்டு வைக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டோம்." பானுவும் சிரித்தாள். அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்தது. எனக்கும்தான். போட்டது ரைட்டரம்மா என்று மாதக்கா சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாயைத் திறக்காமலிருந்தால் போதும், எல்லாம் சுபம்.

மெல்வின் மட்டும் படத்தின் மேல் விரலை வைத்து, யாருக்கும் சொல்லாதவர் போலச் சொன்னார். "இந்தக் குறியில வச்சிருந்தா இருதயத்துல ஒரு ஓரம் உள்ள வந்திருக்கும். தெரியாமலே போயிருக்கும்."

மாதக்காவின் கையைப் பார்த்தேன். தலைக்கு மேல் தூக்கிய கை இரண்டும் பலகையின் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தன. கண் கூரையில் இருந்தது. முப்பது மூட்டையை இறக்கச் சொன்ன மனுஷி, தன் நெஞ்சுக்கு வந்தபோது வாய் வராமல் படுத்துக் கிடந்தார்.

"இன்னிக்கு இல்லைங்க டாக்டர்" என்றேன். "திங்கக்கிழமை விடியகாலையில. ரெண்டு நாள் அதுலதான் வச்சாங்க. போட்டது அவங்க இல்ல, நான். எஸ்டேட்டு மூட்டை மையில."

மாதக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. பானு கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

மேகலா ஃபைலைத் திறந்தாள். திங்கட்கிழமைத் தாளை எடுத்துத் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் அந்தத் தாளை என்ன செய்வாளோ என்று எனக்குத் திக்திக்கென்றது. படிப்பு முடிய இன்னும் சில மாதம். ஆராய்ச்சி, வேலை, எல்லாம் அந்தக் கையெழுத்தில் நின்றது. இதை இந்த அறையோடு விட்டுவிடலாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாங்கள் அவள் காலில் விழுந்து சம்மதித்திருப்போம்.

"நான் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்" என்றாள் மெல்வினிடம். தாளை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். நடந்தாள், ஓடவில்லை.

பெரிய டாக்டர் வந்தபோது நான் கையைக் கூப்பினேன். "ஐயா, அவங்களக் கழட்டி உட்ராதீங்க. என்ன தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஆராய்ச்சில இருந்து வேணும்னா எடுப்போம். வைத்தியத்த யாரும்மா நிறுத்துவாங்க? அப்படி யார் சொன்னது?"

மாதக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இந்த ஒரு வார்த்தைக்காகவா என்று கேட்கிற பார்வை அது.

மெல்வின் கணக்குப் போட மூன்று மணி நேரம் ஆனது. நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. மாதக்காவின் கை நெஞ்சின் மேலேயே இருந்தது. ஒரு தடவை, "இப்பவே வலிக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார். எனக்கும் வலித்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். குடிக்கவில்லை. கௌரிக்குப் போன் போடவா என்றேன். "வேண்டாங்க. என்னன்னு சொல்லுவீங்க?" என்றார்.

மெல்வினும் மேகலாவும் ஒன்றாக வந்து எங்களுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள். மெல்வின் மறைக்காமல் சொன்னார். இரண்டு நாளில் இருதயத்தின் ஓரத்தில் கூடுதலாகப் பட்டிருக்கிறது. அதிகம் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. படவேண்டிய இடத்தில் குறைந்ததை மீதி மூன்று தடவையில் சரிக்கட்டிவிடலாம்.

"இருதயத்துக்கு என்னங்க ஆவும்?" என்றார் மாதக்கா.

"இப்ப ஒன்னும் ஆகாதும்மா. ஆகணும்னா பத்து வருசம், பதினஞ்சு வருசம் கழிச்சுக்கூட ஆகலாம். ஆகாமலே போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். வருசா வருசம் எக்கோ எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"அப்ப எனக்கு ஒன்னுமில்லைன்னு என்னிக்குங்க சொல்லுவீங்க?"

மெல்வின் சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்தார். மேகலா மாதக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னுதும்மா. நான் அன்னிக்கு ரவிக்கைய விலக்கிப் பாத்திருந்தா ரெண்டு நாளும் தப்பிச்சிருக்கும். வருசா வருசம் நானே கூப்பிடறேன்."

"உன்னுது பாதி, எங்களுது பாதி கண்ணு" என்றார் மாதக்கா.

மிச்சம் மூன்றும் முடிந்தன. கடைசி வாரத்துக்குப் பிறகுதான் தோல் முழுசாக உரிந்தது, அக்குளில் நீர் கசிந்தது. எரிகிறதா என்று மேகலா கேட்டபோது மாதக்கா முதல் முறையாக உள்ளதைச் சொன்னார். "நொம்ப எரியுதுங்க. பத்துக்கு எட்டுப் போட்டுக்கோங்க." அவரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கவில்லை. முப்பத்தேழாவது ஆளுக்கு நேராக நடந்ததையெல்லாம் மேகலா எழுதினாள், தன் கையெழுத்து உட்பட. பரீட்சை அன்றைக்கு அதைப் பற்றித்தான் அரைமணி நேரம் கேட்டார்களாம். தேறிவிட்டாள். இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். தன்னிடம் படிக்க வருகிறவர்களிடம், குறியைப் பார்ப்பதற்கு முன்னால் கோயில், மழை, குளியல் எல்லாவற்றையும் விசாரிக்கச் சொல்கிறாளாம். சித்திரை பிறந்தால் அவளிடமிருந்து போன் வரும்.

மூட்டை மை ஒரு மாதம் விலாவில் இருந்தது. பிறகு தோலோடு போய்விட்டது. மாதக்கா மறுபடி வேலைக்கு வருகிறார். பிரஷ் பிடிக்கும்போது இடது கை கொஞ்சம் இழுக்கிறது என்கிறார். எழுத்து முன்போலவே பிசிறில்லாமல் விழுகிறது. நான்தான் கெட்டுப்போனேன். அவர் இருமினால் என் பேனா நிற்கிறது. களத்தில் அவர் குனிந்து நிமிர நேரமானால் ஆபீஸிலிருந்து ஓடுகிறேன். "ரைட்டரம்மா, சாவறதுக்குள்ள என்னைய நீங்களே கொன்னுருவீங்க" என்று திட்டுகிறார். மூன்று எக்கோ எடுத்தாகிவிட்டது. மூன்றும் சுத்தம். ஒவ்வொன்றுக்கும் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறார். சின்னசாமி அண்ணன் வருகிறேன் என்றாலும் விடுவதில்லை. "குறி போட்டவிங்க நீங்க. நீங்களே வந்து பாருங்க" என்கிறார். அதைக் கோபத்தில் சொல்கிறாரா, பிரியத்தில் சொல்கிறாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த வருடத் திருவிழாவுக்கு நானும் போனேன். மேலே ஏறுகிற வழியில், கடைசி மேட்டில், மாதக்கா நின்றுவிட்டார். கை நெஞ்சுக்குப் போனது. வாய் திறந்திருந்தது. இரண்டே எட்டில் அவரிடம் போனேன்.

"என்னக்கா? வலிக்குதா?"

என் கையைப் பிடித்து இழுத்து, இடது பக்கம், முன்பு நான் குறி போட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டார். உள்ளங்கைக்குக் கீழே அது அடித்துக்கொண்டிருந்தது. வேகமாக அடித்தது. மேடு ஏறினால் யாருக்கும் அப்படித்தான் அடிக்கும். என்னுடையது அதைவிட வேகமாக அடித்தது.

"சரியா இருக்குதுங்களா?" என்றார். கண்ணில் அன்றைக்கு மேசையில் படுத்திருந்தபோது பார்த்த அதே பயம்.

"இருக்குதுக்கா" என்றேன். எனக்கு என்ன தெரியும்? மேகலா மாதிரி நானும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

மூச்சு திரும்பியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். பதினைந்து வருடம் என்றார் மெல்வின். மூன்று போயிருக்கிறது. நான் அவருக்கு ஒரு எட்டுப் பின்னால், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், ஏறினேன்.